ஹீப்ரூவில் எழுதும் பாலஸ்தீனச் செய்தியாளர்: ஓர் எளிய அறிமுகம்

பாலஸ்தீனச் செய்தியாளர் என்றதும் நம் கண்முன் வருவது, நீல நிறக் கவச உடையும் ஹெல்மெட்டுமாகக் காஸாவின் இடிபாடுகளுக்கு முன்னால் நின்று அரபியில் பேசும் ஒருவர்தான். அல் ஜஸீராவில் பார்த்துப் பழகிய முகம். ஆனால் டெல் அவிவில் அச்சாகும் ஹீப்ரூ நாளிதழிலும், இஸ்ரேலியர்கள் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து பார்க்கும் ஹீப்ரூ தொலைக்காட்சியிலும் வேலை பார்க்கிற பாலஸ்தீனர்களும் உண்டு. சிலர்தான். ஆனாலும் எழுபது ஆண்டுகளாக அந்த வரிசை அறுபடாமல் தொடர்கிறது. இவர்கள் யார், ஏன் அந்த மொழியில் எழுதுகிறார்கள், அந்த வேலை எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். பாலஸ்தீனர்கள் எல்லாரும் ஒரே சட்ட நிலையில் இருப்பவர்கள் கிடையாது. காஸாவில் இருப்பவர்கள் ஒரு விதம். மேற்குக் கரையில் இஸ்ரேலிய ராணுவ ஆட்சியின் கீழ் இருப்பவர்கள் இன்னொரு விதம். கிழக்கு ஜெருசலேமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் கொடுத்த குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்கள், குடியுரிமை கிடையாது. நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு: 1948 போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை விட்டுப் போக நேர்ந்தபோது, புதிதாக உருவான இஸ்ரேலின் எல்லைக்குள்ளேயே தங்கிவிட்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரும் அவர்கள் வழிவந்தவர்களும். இவர்களுக்கு இஸ்ரேலியக் குடியுரிமை உண்டு, ஓட்டு உண்டு, இஸ்ரேலியக் கடவுச்சீட்டு உண்டு. கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்து இஸ்ரேல் எண்ணும் அரபு மக்கள் இன்று சுமார் 20 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு.

ஹீப்ரூவில் எழுதும் செய்தியாளர்கள் பெரும்பாலும் இந்த நான்காவது கூட்டத்திலிருந்து வருகிறவர்கள். இவர்களை அரசு 'இஸ்ரேலிய அரபுகள்' என்று சொல்லும். இவர்களில் பலர் தங்களை 'இஸ்ரேலின் பாலஸ்தீனக் குடிமக்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். மற்ற அரபு நாடுகளில் '48-ன் அரபுகள்' என்பார்கள். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே ஒருவரின் அரசியலை ஓரளவு ஊகித்துவிடலாம். அதனால் ஹீப்ரூ தொலைக்காட்சியில் வேலை பார்க்கும் அரபுச் செய்தியாளர் எல்லாரையும் 'பாலஸ்தீனர்' என்று நாமே முத்திரை குத்தக் கூடாது. அந்தப் பெயரை ஏற்காதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

சரி, ஹீப்ரூ இவர்களுக்கு எப்படி வந்தது? அரபுப் பள்ளிகளில் பாடமொழி அரபிதான். ஹீப்ரூ கட்டாயப் பாடம். தொடக்கப் பள்ளியிலேயே ஆரம்பித்துவிடும். பள்ளி முடித்ததும் அரபி கிட்டத்தட்ட வீட்டுக்குள் சுருங்கிவிடும். பல்கலைக்கழகம், மருத்துவமனை, நீதிமன்றம், வங்கி, வருமான வரிப் படிவம், வீடு கட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பம் எல்லாம் ஹீப்ரூவில் நடக்கும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் 1922-ல் போட்ட ஆணைப்படி அரபியும் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1948-க்குப் பிறகும் காகிதத்தில் அந்த நிலை தொடர்ந்தது. 2018 ஜூலையில் நிறைவேறிய தேசிய அரசுச் சட்டம் ஹீப்ரூவை மட்டும் அரசு மொழி என்று அறிவித்து, அரபிக்குத் 'தனி அந்தஸ்து' என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொண்டது. ஆக, இஸ்ரேலுக்குள் இருக்கும் அரபு நகரமான நாசரேத்தைச் சேர்ந்த ஒருவர் ஹீப்ரூவில் சரளமாக எழுதுவதில் வியக்க ஒன்றும் இல்லை. யூதப் பள்ளிகளில் அரபி படித்துச் சரளமாகப் பேசும் அளவுக்கு வருகிறவர்கள்தான் அபூர்வம். மொழிகள் இரண்டு என்றாலும் பாலம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்துதான் கட்டப்படுகிறது.

மேற்குக் கரையிலும் காஸாவிலும் ஹீப்ரூ வேறு வழியில் வந்தது. இஸ்ரேலில் கட்டட வேலைக்குப் போனவர்கள் பேச்சு வழக்காகக் கற்றார்கள். சிறைக்குப் போனவர்கள் எழுதப் படிக்கவே கற்றார்கள். பெத்லகேமில் இயங்கும் மஆன் செய்தி நிறுவனத்தின் தலைமை ஆசிரியராக இருந்த நாசர் லஹாம் இஸ்ரேலியச் சிறையில் ஹீப்ரூ படித்தவர். பின்னாளில் இஸ்ரேலியத் தொலைக்காட்சிச் செய்திகளை அரபியில் மொழிபெயர்த்துச் சொல்லும் நிகழ்ச்சியால் பாலஸ்தீன வீடுகளில் அறிமுகமானார். அவர் ஹீப்ரூவிலிருந்து தன் மக்களுக்குக் கொண்டுவந்தார். நாம் பேசப்போகிறவர்கள் அதற்கு எதிர்த்திசையில் போனவர்கள்.

முதல் ஆள்

இந்த வரிசையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அத்தல்லா மன்சூர். 1934-ல் வட கலிலேயாவில் ஜிஷ் என்ற ஊரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். யூதர்கள் அந்த ஊரைக் குஷ் ஹலாவ் என்பார்கள். 1948 அக்டோபர் கடைசியில் இஸ்ரேலியப் படை அந்தப் பகுதியைப் பிடித்தபோது அவருக்குப் பதினான்கு வயது. பக்கத்து ஊரான பிரிம் கிராமத்து மக்களைச் சிறிது காலத்துக்கு என்று சொல்லி ராணுவம் வெளியேற்றியது; அவர்களில் பலர் ஜிஷ்ஷில் வந்து தங்கினார்கள். திரும்பிப் போக விடவே இல்லை. 1953-ல் பிரிம் கிராமத்தின் வீடுகளை விமானப்படை குண்டு போட்டு அழித்தது. மன்சூர் வளர்ந்த ஊரில் பாதிப் பேர் கண்ணெதிரே இருக்கும் சொந்த ஊருக்குப் போக முடியாதவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தக் காலத்தில் இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். 1966 இறுதி வரை அது நீடித்தது. ஓட்டுப் போடலாம், ஆனால் பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டுமானால் ராணுவ அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் மன்சூர் செய்தது வித்தியாசமான காரியம். ஹைஃபாவுக்கு அருகே ஷஆர் ஹாஅமக்கீம் என்ற கிப்புட்ஸில், அதாவது யூதர்களின் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், போய்த் தங்கி ஹீப்ரூ கற்றார். இடதுசாரி சியோனிஸ்ட் (யூத தேசியவாத) இளைஞர்கள் சிலர் அரபு இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ள முயன்ற காலம் அது.

1954 வாக்கில் யூரி அவ்நேரி நடத்திய ஹாஓலாம் ஹாஸே வார இதழில் எழுதத் தொடங்கினார். பெயருக்கு 'இந்த உலகம்' என்று பொருள். பாதி ஊழல் அம்பலமும் பாதி கவர்ச்சிப் படமுமாக வந்த இதழ். அரசை அதுபோல் வம்புக்கு இழுத்த இதழ் அன்று வேறு இல்லை. 1956 அக்டோபர் 29 அன்று கஃப்ர் காசிம் ஊரில், ஊரடங்கு நேரம் மாற்றப்பட்டது தெரியாமல் வயலிலிருந்து வீடு திரும்பிய கிராமத்தினர் 48 பேரை எல்லைக் காவல்படை சுட்டுக் கொன்றது. தணிக்கை காரணமாகச் செய்தி வாரக்கணக்கில் வெளிவரவில்லை. அந்த ஆண்டுகளில் ஓர் அரபு இளைஞர் ஹீப்ரூ இதழில் செய்தியாளராக இருந்தது என்பது என்ன மாதிரியான வேலை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

1958-ல் ஹாரெட்ஸ் நாளிதழ் அவரைச் சேர்த்துக்கொண்டது. அரசியலிலும் வணிகத்திலும் மேல்தட்டில் இருப்பவர்கள் படிக்கும் பழைய நாளிதழ் அது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தார். நாசரேத்தில் குடியிருந்துகொண்டு கலிலேயாவையும் அரபு ஊர்களையும் பற்றி எழுதினார். நிலப் பறிப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் ஆறு பேர் கொல்லப்பட்ட 1976 மார்ச் 30, இன்று நில தினமாக நினைவுகூரப்படும் நாள், அவர் செய்தி சேகரித்த வட்டாரத்தில் நடந்ததுதான். நடுவில் 1966-ல் ஒரு நாவலும் எழுதினார். அரபுக்காரர் ஒருவர் ஹீப்ரூவில் எழுதிய முதல் நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். கிப்புட்ஸில் தன் அரபு அடையாளம் மறைந்து கிடக்க வளர்ந்த ஒருவனின் கதை. பிறகு 1980-களில் நாசரேத்தில் அஸ்-ஸின்னாரா என்ற அரபு வார இதழ் தொடங்கியவர்களில் ஒருவர். அதாவது வாழ்நாள் முழுவதும் ஹீப்ரூவில் எழுதியவர் தன் ஊருக்கு அரபி இதழ் வேண்டும் என்றும் நினைத்திருக்கிறார். இரண்டும் அவருக்கு வேறு வேறு வேலைகள்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இதுதான். உம்மல் ஃபஹம் என்ற அரபு ஊரில் ஒரு வீடு இடிக்கப்பட்டால் அது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அரபி இதழ் அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரியாதவர் அமைச்சகத்தில் இருப்பவர், நீதிபதி, டெல் அவிவில் காப்பி குடித்துக்கொண்டே நாளிதழ் புரட்டும் வாக்காளர். முடிவு எடுப்பவர் படிக்கும் மொழியில் போய் எழுதுவதைச் சரணடைதல் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முறையீட்டை அதற்குரிய முகவரிக்கு அனுப்புகிற வேலை அது.

'அரபு விவகாரம்' என்ற நாற்காலி

ஹீப்ரூ ஊடகங்களில் அரசியல் செய்தியாளர், பொருளாதாரச் செய்தியாளர், ராணுவச் செய்தியாளர் என்று இருப்பதுபோல 'அரபு விவகாரச் செய்தியாளர்' என்று ஒரு பதவி உண்டு. மேற்குக் கரை, காஸா, சுற்றியுள்ள அரபு நாடுகள் எல்லாம் அதில் அடங்கும். சில இடங்களில் இஸ்ரேலின் சொந்த அரபுக் குடிமக்களும் அதே கணக்கில் வந்துவிடுவார்கள். நாட்டின் ஐந்தில் ஒரு பங்குக் குடிமக்கள் ஏறக்குறைய வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வருகிறார்கள் என்று அர்த்தம். ஹீப்ரூ செய்திகளில் இவர்களைக் குறிக்க 'மிக்ஸார்' என்று ஒரு சொல் புழங்குகிறது. துறை, பிரிவு என்ற பொருளில், வேளாண் துறை தொழில் துறை என்பதுபோல் 'அரபுத் துறை'. அரபுச் செய்தியாளர்களுக்கு அந்தச் சொல் அறவே பிடிக்காது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாற்காலியில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தவர்கள் யூதர்கள். அவர்களில் பலர் அரபியை ராணுவ உளவுப் பிரிவில் கற்றவர்கள். அங்கே அரபி கற்றுத்தரும் காரணம் நமக்குத் தெரியும். கேட்கும் காது அதற்கேற்பத்தானே பழகும்? இன்னொரு தடையும் உண்டு. இஸ்ரேலில் 'காலேய் த்சாஹால்' என்று ராணுவமே நடத்தும் வானொலி நிலையம் இருக்கிறது. கட்டாய ராணுவச் சேவைக்கு வரும் இளைஞர்கள் அங்கே செய்தி வாசிக்க, தயாரிக்கக் கற்றுக்கொண்டு, சேவை முடிந்ததும் நேரே பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களுக்குப் போவார்கள். நாட்டின் பிரபல ஊடகவியலாளர்களில் ஒரு பெரும் பகுதி அந்த வாசல் வழியே வந்தவர்கள். அரபுக் குடிமக்களில் பெரும்பாலோருக்குக் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. எனவே அந்த வாசலும் கிடையாது. யாரும் 'அரபுகள் வரக் கூடாது' என்று பலகை மாட்டவில்லை. மாட்ட வேண்டிய தேவையே இல்லை.

இதில் விதிவிலக்கு, அரபி பேசும் தனிச் சமயப் பிரிவினரான ட்ரூஸ் சமூகம். அவர்களின் ஆண்களுக்கு 1956 முதல் ராணுவச் சேவை கட்டாயம். டாலியத் அல்-கர்மெல் ஊரைச் சேர்ந்த ரஃபீக் ஹலபி அந்தச் சமூகத்தவர். 1970-களில் அரசுத் தொலைக்காட்சிக்காக மேற்குக் கரையிலிருந்து ஹீப்ரூவில் செய்தி தந்தார். அங்கே ராணுவம் என்ன செய்கிறது என்பதை வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டியதால் வலதுசாரிகளின் வசவை நிறைய வாங்கினார். பிறகு அதே தொலைக்காட்சியின் செய்திப் பிரிவுக்கே தலைவரானார். ட்ரூஸ் மக்கள் பொதுவாகத் தங்களைப் பாலஸ்தீனர் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதால் அவரை நம் கட்டுரைக்குள் முழுதாக இழுக்க முடியாது. ஆனால் வாசல் எங்கே திறக்கிறது என்பதைக் காட்ட அவர் நல்ல சாட்சி.

ஒரு செய்தி, இரண்டு விதமாக

இந்த வேலையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது உம் அல்-ஹிரான் நிகழ்ச்சியைத்தான். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தெற்கே நெகேவ் பாலைவனத்தில் இருந்த பெதுயீன்களின், அதாவது பாலைவன அரபுகளின், கிராமம் அது. 1956-ல் ராணுவ உத்தரவின்பேரில் அங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள், பிற்பாடு 'சட்டவிரோதக் குடியிருப்பு' ஆனார்கள். அதே இடத்தில் யூதக் குடியிருப்பு ஒன்றைக் கட்டுவது அரசின் திட்டம். 2017 ஜனவரி 18 விடியற்காலையில் வீடுகளை இடிக்கப் பெரும் போலீஸ் படை வந்தது. யாகூப் அபூ அல்-கியான் என்ற பள்ளி ஆசிரியர் தன் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சில நிமிடங்களில் கார் போலீஸ்காரர்கள் மீது மோதி எரெஸ் லெவி என்ற காவலர் இறந்தார். போலீஸ் சுட்டதில் ஆசிரியரும் இறந்தார்.

காலைச் செய்திகளில் என்ன வந்தது? வேண்டுமென்றே காரை ஏற்றிய பயங்கரவாதத் தாக்குதல் என்றது போலீஸ். ஐ.எஸ். அமைப்போடு தொடர்பு இருந்திருக்கலாம் என்ற பேச்சும் கூடவே வந்தது. போலீஸ் துறை அமைச்சர் கிலாத் எர்தானும் அதையே சொன்னார். ஹீப்ரூ ஊடகங்களில் பெரும்பாலானவை அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஏனென்றால் போலீஸ் செய்தியாளரின் கைபேசியில் முதலில் வந்து விழுவது போலீஸின் குறுஞ்செய்திதான்.

கிராமத்தினர் வேறு ஒன்றைச் சொன்னார்கள்: முதலில் சுட்டார்கள், அப்புறம்தான் கார் கட்டுப்பாட்டை இழந்து சரிவில் வேகமெடுத்தது. இதை அவர்கள் அரபியில் சொன்னார்கள். அங்கே நின்று அதைக் கேட்டு, ஹீப்ரூவில் எழுதி, அதே நாள் செய்தியில் போலீஸ் கூற்றுக்குப் பக்கத்தில் வைக்க யாராவது வேண்டும். அந்த வேலை செய்த ஹீப்ரூ செய்தியாளர்கள் சிலரே. அரபு சமூகத்தைப் பற்றி நெடுங்காலமாக ஹாரெட்ஸில் எழுதிவரும் ஜாக் கூரி அவர்களில் ஒருவர். நாசரேத்தின் அரபி வானொலியான அஷ்ஷம்ஸிலும் அவர் பணியாற்றியவர். போலீஸே வெளியிட்ட வான்வழிப் படத்தைக் கூர்ந்து பார்த்தபோது, கார் மெதுவாகப் போவதும் சுடுவதும் அதன் பிறகு வேகம் கூடுவதும் தெரிந்தது. காயம்பட்ட ஆசிரியருக்கு நெடுநேரம் மருத்துவ உதவி கிடைக்கவில்லை என்பதும் வெளிவந்தது.

2018-ல் யார் மீதும் குற்றவியல் நடவடிக்கை இல்லாமல் வழக்கு மூடப்பட்டது. 2020 செப்டம்பரில் பிரதமர் நெதன்யாகு குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆசிரியர் பயங்கரவாதி அல்ல என்றார். அந்த நேரத்தில் அவர் தன் மீதான ஊழல் வழக்குகளுக்காகப் போலீஸோடும் அரசு வழக்கறிஞர்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்களை மட்டம் தட்ட ஒரு கருவியாக அந்த மன்னிப்பு அவருக்கு உதவியது. எப்படியோ, கிராமத்தினர் முதல் நாளே சொன்னதை அரசு ஏற்க மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் ஆயின.

இதிலிருந்து ஹீப்ரூ எழுதும் பாலஸ்தீனரின் தனித் திறமை எது என்று தெரிகிறது. இரண்டு மொழி தெரிவது அதில் ஒரு பாதிதான். இழவு வீட்டுக்குள் நுழையும்போது யாரை முதலில் பார்த்துத் துக்கம் விசாரிக்க வேண்டும், எந்தப் பெரியவர் பேசினால் மற்றவர்கள் வாய் திறப்பார்கள், யார் பயத்தில் பேசாமல் இருக்கிறார் என்பது தெரிந்திருப்பது மற்றப் பாதி.

அரபு ஊர்களில் குற்றக் கும்பல்களின் வன்முறையால் நடக்கும் கொலைகளும் இப்படித்தான். 2023-ல் இஸ்ரேலின் அரபு சமூகத்தில் 244 பேர் இப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பது ஆபிரகாம் இனிஷியேட்டிவ்ஸ் அமைப்பின் கணக்கு. முந்தைய ஆண்டைப்போல இரு மடங்குக்கும் மேல். ஹீப்ரூ செய்தியில் 'குல மோதல்' என்ற ஒரு வரியில் இவற்றை முடித்துவிடுவது பழைய வழக்கம். கடன், மாமூல், கள்ளத் துப்பாக்கி, கண்டுகொள்ளாத போலீஸ் என்று பிரித்துப் பிரித்து எழுதியவர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள் அந்த ஊர்களிலிருந்தே வந்த செய்தியாளர்கள்.

நகைச்சுவையும் பொறுமையும் தீர்ந்தபோது

சையத் காஷுவா வேறு வகை. செய்தியாளராகத் தொடங்கி, பத்தி எழுத்தாளராகப் பேர் வாங்கியவர். 1975-ல் தீரா என்ற அரபு ஊரில் பிறந்தார். பதினைந்து வயதில் ஜெருசலேமில் உள்ள புகழ்பெற்ற உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தது. சுற்றிலும் யூத மாணவர்கள், பாடம் முழுக்க ஹீப்ரூ. அதன் பிறகு அவர் எழுதியதெல்லாம் ஹீப்ரூவில்தான். ஜெருசலேமின் உள்ளூர் வார இதழில் செய்தியாளராக வேலை பார்த்து, ஹாரெட்ஸில் வாராவாரம் பத்தி எழுதினார். மனைவி, பிள்ளைகள், அண்டைவீட்டுக்காரர், கார் மெக்கானிக், சோதனைச் சாவடி எல்லாவற்றையும் வைத்துத் தன்னையே கேலி செய்துகொள்ளும் எழுத்து. 2007-ல் அவர் எழுதிய நகைச்சுவைத் தொடர் இஸ்ரேலில் அன்று அதிகம் பார்க்கப்பட்ட தொலைக்காட்சியில், முக்கிய நேரத்தில், வசனத்தில் பெரும்பகுதி அரபியில் வர ஓடியது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அதில் நாயகன் யார் தெரியுமா? ஹீப்ரூ நாளிதழில் வேலை பார்க்கும் ஓர் அரபுச் செய்தியாளர். யூதர்களைப் போல் ஆகிவிட வேண்டும் என்று படாத பாடு படுபவர். அரபு விமர்சகர்கள் பலர், எங்களைக் கோமாளியாக்கி யூதர்களைச் சிரிக்க வைக்கிறாய் என்று திட்டினார்கள். யூதப் பார்வையாளர்கள் ரசித்தார்கள். இரண்டுமே அவருக்கு நிம்மதி தரவில்லை.

2014 ஜூலை தொடக்கத்தில் முகமது அபூ குதைர் என்ற பதினாறு வயதுப் பையனைக் கிழக்கு ஜெருசலேமில் கடத்தி உயிரோடு எரித்துக் கொன்றார்கள். மேற்குக் கரையில் மூன்று யூத இளைஞர்கள் கடத்திக் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கல் என்று கொலையாளிகள் சொன்னார்கள். தெருக்களில் 'அரபுகளுக்கு மரணம்' என்ற கோஷம் கேட்டது. காஷுவா அமெரிக்காவில் ஓராண்டு இருந்து வர ஏற்கெனவே திட்டமிட்டிருந்தார். அந்த வாரத்தோடு, திரும்பி வருவதாக இல்லை என்று எழுதிவிட்டு இல்லினாய் மாநிலத்துக்குப் போனார். இருபத்தைந்து ஆண்டுகளாக ஹீப்ரூவில் எழுதியும் ஒன்றும் மாறவில்லை என்பது அந்தக் கட்டுரையின் சாரம். அங்கிருந்து பத்தியைத் தொடர்ந்தவர் 2017-ல் அதையும் நிறுத்திக்கொண்டார். முன்னால் சொன்ன 'முகவரி' வாதத்துக்கு இதைவிடக் கடினமான மறுப்பு இருக்க முடியாது. முறையீடு போய்ச் சேர்ந்தது, படித்தார்கள், ரசித்தார்கள், பரிசும் கொடுத்தார்கள். அதன் பிறகு?

லூசி அஹாரிஷ் கதை முற்றிலும் வேறு. டிமோனா என்ற யூத நகரத்தில் வாழ்ந்த ஒரே அரபு முஸ்லிம் குடும்பத்தில் 1981-ல் பிறந்தவர். 1987-ல் குடும்பத்தோடு காஸாவுக்குப் போனபோது அவர்கள் காரின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. பின்னாளில் ஹீப்ரூ பெருந்தொலைக்காட்சியில் செய்தி வாசித்த முதல் முஸ்லிம் பெண்ணானார். 2015-ல் இஸ்ரேலிய சுதந்திர தின விழாவில் தீபம் ஏற்றினார். 1948-ல் ஊரை இழந்ததைப் பாலஸ்தீனர்கள் நக்பா (பேரழிவு) என்று துக்கம் காக்கிறார்கள்; அந்த நிகழ்வின் மறுபக்கம் அது என்பதால் அரபு சமூகத்தில் கடும் எதிர்ப்பு. இவ்வளவு நெருங்கி வந்தவருக்கு யூதப் பக்கம் கொடுத்தது என்ன? 2018-ல் அவர் ஒரு யூத நடிகரை மணந்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவரே வானொலியில் அந்தத் திருமணத்தைக் குறை சொன்னார்.

ஆக்கோ நகரத்தைச் சேர்ந்த ஜுஹேர் பஹ்லூல் விளையாட்டு வர்ணனையாளர். அவருடைய ஹீப்ரூ இலக்கியத்தரமானது, யூதர்களே பொறாமைப்படும் மொழி என்று பெயர். கால்பந்து வர்ணித்த வரை எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. 2015-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2016-ல், ராணுவ வீரரைத் தாக்குகிற ஒருவரைப் பயங்கரவாதி என்று அழைக்க முடியாது என்று சொன்னதும் சொந்தக் கட்சித் தலைவரே கண்டித்தார். 2018-ல் தேசிய அரசுச் சட்டம் நிறைவேறியதும் பதவி விலகுவதாக அறிவித்தார்.

எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது

வேலையின் நடைமுறைச் சிக்கல்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கரையில் பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழ் உள்ள நகரங்களின் வாசலில் பெரிய சிவப்புப் பலகைகள் இருக்கும்: இஸ்ரேலியர்கள் நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கு ஆபத்து. அரபுக் குடிமக்கள் நடைமுறையில் ஜெனினுக்கும் நாப்ளஸுக்கும் நெடுங்காலமாகச் சாமான் வாங்கவே போய் வந்திருக்கிறார்கள். அதனால் அங்கே செய்தி சேகரிப்பதில் அவர்களுக்கு அனுகூலம் உண்டு. காஸா அப்படி இல்லை. 2006 இறுதியிலிருந்து இஸ்ரேலியக் குடியுரிமை உள்ள எந்தச் செய்தியாளரையும், தன் படையோடு அழைத்துப் போனால் தவிர, ராணுவம் உள்ளே விடுவதில்லை; யூதரா அரபா என்ற பேதம் அதில் கிடையாது. எனவே பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஹீப்ரூ நாளிதழின் காஸாச் செய்தி என்பது பெரும்பாலும் தொலைபேசியில் சேகரித்தது. அரபி தெரிந்தவரின் மதிப்பு அங்கே இன்னும் கூடுகிறது: அவருடைய கைபேசியில்தான் ஆட்களின் எண்கள் இருக்கும்.

எழுதியதை அனுப்பும்போது ராணுவத் தணிக்கை என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு தொடர்பான செய்திகளை முன்கூட்டியே காட்ட வேண்டும்; எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் பதிப்பாசிரியர் மேசையில் நடக்கும் சில்லறைப் பேரம் இவர்களுக்கே உரியது. 'மேற்குக் கரை' என்று எழுதினால், இஸ்ரேலிய அரசு அதற்குச் சொல்லும் பெயரான 'யூதேயா, சமாரியா' என்று மாற்றுவார்களா? 'பாலஸ்தீனக் குடிமக்கள்' என்பதை 'இஸ்ரேலிய அரபுகள்' ஆக்குவார்களா? நாளிதழுக்கு நாளிதழ் இது மாறும். அரங்கத்தில் விவாதத்துக்கு அழைத்தால் இன்னொன்று: முதல் கேள்வியே 'கண்டிக்கிறீர்களா?' என்பதாக இருக்கும். பொருளாதாரம் பேச வந்தவருக்கும் அதே கேள்வி.

அதுவும் அழைத்தால்தான். யூதர்-அரபு சமத்துவத்துக்காக இயங்கும் சிக்குய் அமைப்பும் 'ஏழாவது கண்' என்ற ஊடக விமர்சன இதழும் சேர்ந்து 2016 முதல் ஹீப்ரூ செய்தி நிகழ்ச்சிகளில் பேசுவோரில் எத்தனை பேர் அரபுகள் என்று எண்ணி வெளியிட்டன. நூறு பேரில் ஐந்து பேர்கூட இல்லை என்ற நிலைதான் தொடக்கத்தில் இருந்தது. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள். பட்டியல் வெளிவந்த பிறகு சில நிறுவனங்கள் வெட்கப்பட்டு ஆட்களைச் சேர்த்தன. இன்று பெரிய தொலைக்காட்சிகளில் அரபுச் செய்தியாளர்களைப் பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2023 அக்டோபர் 7-க்குப் பிறகு நிலைமை இறுகிவிட்டது. ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட அதிர்ச்சியில் ஹீப்ரூ தொலைக்காட்சிகள் ஏறக்குறைய முழுவதும் தம் மக்களின் துயரத்தையும் படைவீரர்களையும் பிணைக்கைதிகளையும் பற்றியே பேசின. காஸாவின் பிணங்கள் உலகமெல்லாம் திரையில் ஓடின. டெல் அவிவில் மிகக் குறைவாகத்தான் தெரிந்தன. சமூக ஊடகப் பதிவுக்காக அரபுக் குடிமக்கள் கைதானார்கள், மாணவர்கள் மீது கல்லூரிகள் நடவடிக்கை எடுத்தன. அந்தச் சூழலில் ஹீப்ரூவில் எழுதும் பாலஸ்தீனர் தன் சொந்தப் பக்கத்தில் ஒரு வரி போடும் முன்பும் யோசிக்க வேண்டியிருந்தது. 2024 மே மாதம் அல் ஜஸீராவின் இஸ்ரேல் அலுவலகம் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஹாரெட்ஸுக்கு அரசு விளம்பரம் தரக் கூடாது என்று அமைச்சரவை முடிவெடுத்தது. பாலஸ்தீனச் செய்தியாளர்களுக்கு ஹீப்ரூவில் அதிக இடம் கொடுத்த பெரிய நாளிதழ் அதுதான். அதற்கு வெளியே, 2014-ல் தொடங்கிய சிஹா மெகோமித் போன்ற சிறிய இணைய இதழ்களும் இருக்கின்றன. அங்கே யூதர்களும் பாலஸ்தீனர்களும் சேர்ந்து ஹீப்ரூவில் எழுதுகிறார்கள். ஆனால் வாசகர் வட்டம் சின்னது.

இவர்கள் எழுதுவது டெல் அவிவோடு நின்றுவிடுவதும் இல்லை. அல்-குத்ஸ் போன்ற பாலஸ்தீன நாளிதழ்கள் ஹீப்ரூ பத்திரிகைகளிலிருந்து கட்டுரைகளை அரபியில் மொழிபெயர்த்து வெளியிடுவது பழைய வழக்கம். ஆகவே நாசரேத்துக்காரர் ஒருவர் மேற்குக் கரை நகரமான ரமல்லாவைப் பற்றி ஹீப்ரூவில் எழுதியது, மறுநாள் அரபியாகி ரமல்லாவிலேயே படிக்கப்படும். ஹாரெட்ஸின் ஆங்கிலப் பதிப்பு அதையே உலகத்துக்குக் கொண்டுபோகிறது. தமிழ்ச் செய்தித் தளங்களில் 'இஸ்ரேலிய நாளிதழ் ஹாரெட்ஸ் தெரிவித்துள்ளது' என்று நாம் படிப்பது அந்த ஆங்கிலத்திலிருந்து வந்தது. நம்மிடம் வரும்போது எழுதியவரின் பெயர் உதிர்ந்துவிடும். அடுத்த முறை அப்படி ஒரு வரியைப் பார்த்தால் மூலக் கட்டுரையைத் திறந்து, தலைப்புக்குக் கீழே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மேற்குக் கரையைப் பற்றியோ அரபு ஊர்களைப் பற்றியோ என்றால், ஜாக் கூரி என்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.